வறுமையை அளக்கும் கோல் யார் கையில்?



1971ஆம் ஆண்டில் தாண்டேகர், ரத் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் இந்திய வறுமை குறித்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,250 கலோரி உணவு கிடைக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு, அச்செலவுக்கு வழியற்றோரை ஏழைகள் என வகுத்தனர். இந்தியக் கிராமங்களில் சுமார் 40 சதவீதத்தினர் ஏழைகள் என்றது அக்கணக்கு. கேரளக் கிராமங்களிலோ 90 சதவீதத்துக்கும் மேல்!

பத்தில் ஒன்பது பேர் அரைவயிற்றோடு வாழும் மாநிலத்தில் குழந்தை இறப்பு நாட்டின் சராசரியைவிடக் குறைவாகவும், ஆயுட்காலம் கூடுதலாகவும் இருப்பது எங்ஙனம்? இக்கேள்வியைக் கையில் எடுத்தது, சி.அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்த காலத்தில் கே.என்.ராஜ் முன்னின்று திருவனந்தபுரத்தில் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம். அதன் அறிக்கையை 1975இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்டது. கேரள ஏழையின் தட்டில் இருந்த மரவள்ளிக்கிழங்கும், வீட்டுத் தோப்பின் தேங்காயும் மாதிரி ஆய்வின் கணக்கில் உரிய அளவில் ஏறவில்லை. அரிசியைவிட மிக மலிவாகக் கிழங்கிலிருந்து கலோரி கிடைத்தது. கேரளத்தில் பசி இல்லை என்று அந்த மையம் கூறவில்லை. ஊருக்கு ஊர் உணவு வேறுபடும்போது ஒரே படியால் அளந்தால் கணக்கு பிழைக்கும் என்பதே அதன் வாதம்.

பிற்காலத்தில் மாநிலத்துக்கொரு வறுமைக்கோடு வந்தது. டெண்டுல்கர் முறைப்படி 2011–12இல் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு மாதம் 880 ரூபாய். கேரளக் கிராமத்துக்கு 1,018 ரூபாய், அதாவது நாளுக்கு 34 ரூபாய். கேரள நகரத்துக்கு 987 ரூபாய்தான்! நகரத்தைவிடக் கிராமத்தில் கோடு உயர்ந்து நிற்கும் விந்தை இது. இந்தக் கோட்டின்படி கேரளத்தில் ஏழைகள் 7.05 சதவீதத்தினர்.

இவை ஏட்டுக் கணக்குகள் மட்டுமல்ல. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, அதே 2011–12 செலவு ஆய்வைக் கொண்டே மாநிலவாரியாகப் பயனாளிகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. 1997 வரை அனைவருக்கும் ரேஷன் வழங்கிய கேரளத்துக்குக் கிடைத்தது சுமார் 1.54 கோடிப் பேருக்கான ஒதுக்கீடு. எஞ்சியோரின் அரிசி, புள்ளிவிவரத்தால் வெட்டப்பட்டது. தமிழ்நாடு அனைவருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை. அதன் சுமையை மாநில அரசே தாங்குகிறது.

மாநிலச் சராசரிக்குள் இன்னொரு மறைப்பும் உண்டு. 2011–12 ஆய்வு நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான குடும்பங்களையே சந்தித்தது. அதில் கேரளம் வடக்கு, தெற்கு என இரண்டே வட்டாரங்கள். 2013இல் குழந்தைகள் அடுத்தடுத்து மாண்ட அட்டப்பாடி, கோழிக்கோட்டோடும் கண்ணூரோடும் ஒரே சராசரியில் கரைந்துபோகிறது. மூணாறு, பீர்மேடு தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள் எர்ணாகுளத்தோடு கலக்கப்படுகின்றனர். மாதிரிக்குள் விழும் ஆதிவாசி ஊர்களும் தோட்டக் குடியிருப்புகளும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றைக் கொண்டு தனிக் கணக்கு எதுவும் நம்பகமாகப் போட இயலாது.

இதற்கு மாற்றாகக் கேரளம் கண்ட வழி, குடும்பத்தை நேரில் காண்பது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ, வருமானத்தைக் கேளாமல் வீடு, குடிநீர், கழிப்பறை, நிலையான வேலை முதலிய ஒன்பது குறிகளால் ஏழைக் குடும்பத்தை இனங்கண்டது. 2021க்குப் பின் உணவு, வருமானம், உடல்நலம், உறைவிடம் என்னும் நான்கு அளவைகளில் 64,006 அதிதீவிர வறுமைக் குடும்பங்கள் கண்டறியப்பட்டன. 2025 நவம்பர் 1 அன்று அவ்வறுமை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அறிஞர்கள் சிலர் இந்த எண்ணிக்கையின் அடிப்படையைக் கேட்டனர். அக்கேள்வியைப் பகையாகக் கருத வேண்டியதில்லை. அகில இந்தியக் கணக்கைக் கேள்வி கேட்டவர்கள்தாமே திருவனந்தபுரத்து ஆய்வாளர்களும்!

தோட்ட லயத்தில் வாழும் குடும்பத்துக்குக் கூலி உண்டு, கூரையும் உண்டு. ஆனால் கூரை கம்பெனியுடையது; ஓய்வு பெறும் நாளில் அதைக் காலி செய்தாக வேண்டும். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் 70 உயிர்கள் புதைந்தது இத்தகைய லயங்களில்தான். அக்குடும்பத்தை ‘உறைவிடம் உள்ளோர்’ என எழுதுவதா, ‘இல்லோர்’ என எழுதுவதா என்பதைத் தோட்டக் கிளைகளின் தோழர்கள் கணக்கெடுப்பவரிடம் இப்போதே கேட்க வேண்டும்.