காட்டுச் சட்டம் எம்மொழியில் பிறக்கிறது?

(கொட்டச்சேட்டில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



குளம்பி என்று நாம் எழுதுவோம். நீங்கள் காப்பி என்கிறீர்கள். இன்று உங்கள் சொல்லையே கையாள்கிறேன். இந்தக் கொட்டச்சேட்டில் காப்பித் தோட்டம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது, காட்டிற்குள் நீங்கள் எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் இன்று தில்லி முடிவு செய்கிறது. மலையாளி எனப் பெயர்பெற்ற மக்களுக்கு இந்நிலை எவ்வாறு வந்தது?

வெள்ளையன் 1882இல் சென்னை மாகாணக் காட்டுச் சட்டத்தை இயற்றியபோது உங்கள் முன்னோரைக் கேட்கவில்லை. அவன் அயலான், கேட்கமாட்டான். விடுதலைக்குப் பின் காடு மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், எதிர்க்கட்சித் தலைவர் பலர் சிறையில் கிடக்கையில், 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் அதனைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றினர். கல்வியும் அதே மூட்டையில்தான் போயிற்று. நான்கே ஆண்டுகளில், 1980இல், நடுவணரசின் காட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆதலின் ஏற்காட்டுத் தொகுதி பழங்குடியினர்க்கே ஒதுக்கப்பட்டதாயினும், சென்னைக்குச் செல்லும் சட்டமன்ற உறுப்பினர் கையில் இவ்வதிகாரம் முழுமையாக இல்லை. தில்லியில் உங்களுக்காகப் பேசவேண்டியவர் கள்ளக்குறிச்சி மக்களவை உறுப்பினர். மலையடியில் சேலம் இருக்கிறதே என்று சேலத்தாரிடம் முறையிட்டுப் பயனில்லை.

அமைச்சகம் வரைவு எழுதும், அமைச்சரவை ஒப்பும், அவையில் முன்வைப்பர், வேண்டுமாயின் குழுவுக்கு விடுவர், ஈரவையும் நிறைவேற்றியபின் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தருவார். இது பள்ளிப் பாடநூலிலேயே உண்டு. அக்குழு அறைக்குள் யார் குரல் கேட்கிறது என்பதைத்தான் பாடநூல் சொல்வதில்லை.

2002 மே திங்களில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம், காட்டு நிலத்தைக் கைப்பற்றியிருப்போரை வெளியேற்றுமாறு மாநிலங்களுக்கு மடல் விடுத்தது. தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவன் கைப்பற்றியவனாம்! நாடெங்கும் பழங்குடியினர் கொதித்தெழுந்தனர். 2004இல் அமைந்த ஆட்சியோ ஏறத்தாழ அறுபது இடதுசாரி உறுப்பினரின் தாங்குதலில் நின்றது. அத்தாங்குதல் இல்லையேல் வன உரிமை வரைவு அவைக்கே வந்திராது என்பது என் கருத்து. மறுபுறம், இராசத்தானத்துச் சரிசுகாவில் ஒரு புலிகூட எஞ்சவில்லை என்ற செய்தி 2005இல் வெளிவர, காட்டுயிர் ஆர்வலர் வரைவைக் கடுமையாக எதிர்த்தனர்.

அவ்வாண்டு திசம்பர் 13இல் வரைவு மக்களவைக்கு வந்தது. 1980 அத்தோபர் 25க்கு முன் காட்டில் இருந்த பழங்குடியினர்க்கே உரிமை, அதுவும் இரண்டரை எக்டேர் வரைதான் என்றது அது. கிசோர் சந்திர தேவ் தலைமையிலான கூட்டுக்குழு அதனை ஆய்ந்தது. ஓராண்டு கழித்துச் சட்டமானபோது கெடுநாள் 2005 திசம்பர் 13 ஆயிற்று; இரண்டரை எக்டேர் நான்காயிற்று; பழங்குடியல்லாதாரும், 75 ஆண்டு வாழ்ந்திருப்பின், உள்ளே வந்தனர். உரிமைக் கோரிக்கையை முதலில் ஆராய்ந்து சொல்வது ஊரவை, அதாவது கிராமசபை, என்றாயிற்று. இறுதி முடிவை மட்டும் மாவட்டக் குழுவிடமே விட்டனர். அதிகாரி எளிதில் கைவிடுவானா? தமிழ்நாட்டிலோ 2008இல் உயர்நீதிமன்றம் இட்ட இடைக்கால ஆணையால் உரிமைச் சான்று வழங்கல் தடைப்பட்டு, 2016இல்தான் அத்தடை நீங்கிற்று.

இனி 2023ஐப் பாருங்கள். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த ஒரு வரைவு வந்தது. எல்லைப்புறத் திட்டங்களுக்கும், விலங்குக் காட்சிச்சாலைக்கும், காட்டுச் சுற்றுலாவுக்கும் விலக்கு வேண்டும் என்றது. சுற்றுலா விடுதிகள் பெருகிவரும் ஏற்காட்டில் இது வெறுஞ்சொல் அன்று. இதற்கும் கூட்டுக்குழு உண்டு. தலைவர் இராசேந்திர அகர்வால். மாறுபட்டுக் குறிப்பெழுதிய உறுப்பினரும் இருந்தனர். ஆயினும் குழு ஒரு மாற்றமும் செய்யாமல் வரைவைத் திருப்பித் தந்தது. மணிப்பூர்க் கலவரம் பற்றிய கூச்சலுக்கிடையே சூலை 26இல் மக்களவையும், ஆகத்து 2இல் மாநிலங்களவையும் நிறைவேற்றின.

சட்டத்தின் பெயரையும் மாற்றினர்: 'வன் (சன்ரட்சண் ஏவம் சம்வர்தன்) அதிநியம்'. ஆங்கிலப் படியிலும் இதுவே பெயர். உங்களுள் யாருக்கேனும் பொருள் விளங்கிற்றா? குழுவுக்குக் கருத்துரைப்போர் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதவேண்டும் என்பது வழக்கம். அரசியலமைப்பின் 348ஆம் கூறுப்படி சட்டத்தின் செல்லுபடியான வடிவம் ஆங்கிலம். தமிழ் வடிவத்துக்கு ஏற்பளிக்க 1973இல் ஒரு சட்டம் செய்தனர். ஆனால் அது சட்டம் பிறந்தபின் வரும் மொழிபெயர்ப்பு. வரைவாக இருக்கும்போது, திருத்த வாய்ப்புள்ள அந்தச் சில கிழமைகளில், தமிழ் அங்கே இல்லை.

அடுத்த ஊரவைக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களைத் தமிழிலேயே எழுதுங்கள். இவ்விரு சட்டங்களின் தமிழ்ப் படி ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்படவேண்டும் என்பது ஒன்று. காடுபற்றிய எந்த வரைவும் குழுவில் இருக்கும்போதே தமிழில் வெளியிடப்பட்டு, தமிழில் எழுதிய கருத்துரையும் ஏற்கப்படவேண்டும் என்பது மற்றொன்று. கையெழுத்திட்டு, ஒரு படியைக் கள்ளக்குறிச்சி உறுப்பினருக்கும் மற்றொன்றை மக்களவைச் செயலகத்துக்கும் சேர்ப்புச் சான்றுடன் விரைவஞ்சலில் விடுங்கள். சான்று வந்ததும் ஊராட்சிக் கோப்பில் ஒட்டி வையுங்கள்.