சுவர் இடுக்கில் வேண்டாம் கத்தி
(கூலிம் வட்டாரத் தோட்டம் ஒன்றின் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)



நம் சமையற்கட்டில் கத்தியின் இடம் எது? பலகைச் சுவரின் இடுக்கில் செருகி வைப்பது லயத்து வழக்கம். நானும் லயத்தில் வளர்ந்தவனே. எனக்கு ஒன்பது வயதிருக்கும். பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் அம்மா செருகிய கத்தி சரியாகப் பிடிபடவில்லை. அடுத்த வீட்டில் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். சுவர் அதிர்ந்தது, கத்தி நழுவிக் கீழே அமர்ந்திருந்த என் தங்கையின் பாதத்தில் விழுந்தது. ஐந்து தையல் போட வேண்டியதாயிற்று. நான்கு நாள் அம்மா பால்வெட்டுக்குப் போகவில்லை. நான்கு நாள் கூலியும் போயிற்று. தவறு யாருடையது என்று வீட்டில் பேச்சு எழுந்ததேயொழிய, கத்திக்கு ஓர் இடம் செய்ய எவருக்கும் தோன்றவில்லை. ஆகவேதான் இன்று கத்தி செருகும் கட்டையைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

முதலில் மரம். காசு கொடுத்து வாங்க வேண்டாம். நாம் வெட்டிப் பாலெடுத்த கித்தா மரமே இதற்கு ஏற்றது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் பால் தந்தபின் அம்மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வது வழக்கம். ஒரு காலத்தில் அது புகைக்கூட்டிற்கும் அடுப்பிற்கும் விறகாயிற்று. பிறையில் 1960களில் எழுந்த மலாயாவாத்தா இரும்பாலையின் உலையும் கித்தா மரக் கரியால்தான் எரிந்தது. பின்னரே அது நாற்காலி மேசையாகிக் கடல் கடந்தது. ஆயினும் சாய்த்த பச்சை மரத்தை அப்படியே அறுத்துவிடாதீர்கள். அதில் மாவுச்சத்து மிகுதி; சில நாள்களில் நீலக்கறை படியும், பிறகு வண்டு துளைக்கும். ஆலைகளில் போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பிறகே அது நிலைக்கும். எனவே உடைந்த மேசையின் மேற்பலகை, நாற்காலிச் சட்டம் ஆகியவற்றைத் தேடுங்கள். ஊசித் துளையும் மாவு போன்ற தூளும் கண்டால் ஒதுக்கிவிடுங்கள். பிரித்த லயத்தின் மெராந்திப் பலகையும் நன்றே. ஆனால் பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். பச்சை நிறம் ஏறிய மருந்துப் பலகையில் ஆர்செனிக் இருக்கலாம். இவ்விரண்டும் சமையற்கட்டிற்கு ஆகா. தொழிற்சாலைச் சரக்குத் தட்டானால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றால் சூடேற்றியது, எம்.பி. என்றால் நச்சுப்புகை இட்டது. பின்னதைத் தொட வேண்டாம்.

இனி வேலை. ஆணிகளை முழுவதும் பிடுங்குங்கள். ஒன்று தங்கினாலும் வாளின் பல் போய்விடும். முக்கால் அங்குலக் கனத்தில் மூன்று பலகைகள் வேண்டும். பின்பலகை 10 அங்குல உயரம், 8 அங்குல அகலம். மற்ற இரண்டும் அதே உயரம், 5 அங்குல அகலம். பலகையில் பள்ளம் குடையத் தேவையில்லை. 3 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையை அரை அங்குல அகலச் சிம்புகளாக ஆறு வெட்டிக்கொள்ளுங்கள். பழைய அலமாரியின் முதுகிலேயே அது கிடைக்கும். இரு ஓரங்களிலும் நடுவிலும் சிம்புகளை வைத்துப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டினால், இரு வரிசையில் நான்கு பொந்துகள் உருவாகும். ஒவ்வொன்றும் ஒன்றேமுக்கால் அங்குல அகலம். உங்கள் கத்தி அதைவிட அகலமானால் நடுச்சிம்பை விட்டுவிடுங்கள். ஒட்டுமுன் கத்தியின் முதுகுக் கனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிம்பு அதைவிடச் சற்றே தடித்திருக்க வேண்டும். வெள்ளைப் பசையை மெல்லத் தடவுங்கள். மிகுந்தால் பொந்துக்குள் வழிந்து இறுகிவிடும். நான் முதலில் செய்த கட்டையில் அப்படித்தான் ஒரு பொந்து அடைபட்டது, மாணவர்கள் சிரித்தார்கள். மேலே செங்கல் ஏற்றி ஓரிரவு விடுங்கள்.

காய்ந்தபின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, மருந்துக்கடையில் கிடைக்கும் பாரபின் எண்ணெய் தடவுங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் சிக்கு நாற்றம் எடுக்கும். பின்பலகை இருபுறமும் ஒன்றரை அங்குலம் நீண்டிருக்கிறதல்லவா? அங்கே முதலில் துளையிட்டு, திருகாணியால் சுவரின் கட்டையில் முடுக்குங்கள். வெறும் பலகையில் முடுக்கினால் பிடிப்புப் போதாது. கற்சுவரானால் அடைப்பான் வைத்து முடுக்குங்கள்.

உயரம் முக்கியம்: உங்கள் தோளுக்கு மேலே, அடுப்பிலிருந்து விலகி, குழந்தை ஏறக்கூடிய முக்காலி அருகில் இல்லாத இடம். பொந்துகளின் அடி திறந்தே இருப்பதால் நீர் வடியும், காற்றோடும். ஆயினும் கத்தியைத் துடைத்து உலர்த்தியே செருக வேண்டும். அலகு 10 அங்குலத்திற்கு மேல் இருந்தால் நுனி கீழே நீட்டும். அத்தகைய கத்தியை இதில் வைக்காதீர்கள். பாராங்கிற்கும் இங்கே இடமில்லை. அதற்குத் தனி உறை செய்யும் முறையை அடுத்த மாதம் சொல்கிறேன்.