துருக்கித் தொப்பியும் சுயெஸ் கால்வாயும்



கல்முனை, மருதமுனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வீடுகளில் பழைய கல்யாணப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். அவற்றில் சில மாப்பிள்ளைமாரின் தலையில் குஞ்சம் தொங்கும் உயரமான தொப்பி ஒன்று இருக்கும். படம் கறுப்பு வெள்ளைதான். தொப்பி சிவப்பு என்பது வீட்டாருக்குத் தெரியும். தேசியவாதமும் கைத்தொழிலும் வல்லரசுகளின் அரசியலை எப்படி மாற்றின என்று ஆராயத் திருக்கோவிலில் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்கின் தலைமை உரை அந்தத் தொப்பியிலிருந்து தொடங்குகிறது.

பெயர் துருக்கித் தொப்பி. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றுள் பெருந்தொகை ஒஸ்திரியப் பேரரசின் பொஹீமியாவில், ஸ்த்ரகோனிட்ஸ் நகரத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டது. கம்பளியை இயந்திரத்தில் இறுக்கி, மலிவான செயற்கைச் சாயத்தில் தோய்த்துக் கப்பலேற்றினார்கள். 1908 ஒக்டோபரில், உஸ்மானியரின் பெயரளவு உரிமையில் இருந்த பொஸ்னியாவை அதே ஒஸ்திரியா தன்னோடு இணைத்துக்கொண்டது. இஸ்தான்புல் கொதித்தது. துறைமுகத் தொழிலாளர் ஒஸ்திரியச் சரக்கை இறக்க மறுத்தார்கள். மக்கள் சிவப்புத் தொப்பிகளைத் தெருவில் கிழித்தெறிந்துவிட்டு வெள்ளைத் தொப்பிக்கு மாறினார்கள். தங்கள் மானத்தின் அடையாளம் எதிராளியின் ஆலையில் தயாராகி வருகிறது என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைத்தது. ஆறு ஆண்டுகளுக்குள் பொஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில் வெடித்த துப்பாக்கி, உலகப் போருக்கு வழி திறந்துவிட்டது.

இலங்கை முஸ்லிம்களிடையே இந்தத் தொப்பி பரவியதற்கு முக்கிய காரணம், போரில் தோற்று நாடு கடத்தப்பட்ட ஒருவர். அவர் எகிப்தின் அஹமத் ஒறாபி பாஷா.

அவர் கதைக்கு முன்னால் கால்வாயின் கதை வருகிறது. 1869 நவம்பரில் சுயெஸ் கால்வாய் திறந்தபோது லண்டனுக்கும் பம்பாய்க்கும் இடையிலான கடல்வழி ஏறத்தாழ 40 சதவீதம் சுருங்கியது. செங்கடலின் காற்று பாய்க்கப்பலுக்கு ஒத்துவராது. எனவே புதிய வழி நீராவிக் கப்பலின் வழியாயிற்று. நீராவிக்கு நிலக்கரி வேண்டும், நிலக்கரி ஏற்றத் துறைமுகம் வேண்டும். கொழும்பின் அலைதாங்கிச் சுவருக்கு 1875இல் அடிக்கல் நாட்டி 1885இல் முடித்தார்கள். காலி பின்தங்கியது. கோப்பி இலைநோய் இலங்கையில் தலைகாட்டியதும் அதே 1869இல்தான். ஒரே ஆண்டில் இந்தத் தீவு ஒரு பயிரை இழக்கத் தொடங்கி, ஒரு கடல்வழியின் நடுவே வந்து அமர்ந்தது.

எகிப்துக்கோ கால்வாய் சுமையாகவே வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் (1861-65) லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வரவில்லை. எகிப்தியப் பருத்தியின் விலை ஏறியது. அந்தச் செழிப்பை நம்பி எகிப்தின் ஆட்சியாளர் கெதிவ் இஸ்மாயில் புகையிரதப் பாதை, அரண்மனை, கால்வாய் என்று கடன்மேல் கடன் வாங்கினார். போர் முடிந்ததும் பருத்தி விலை விழுந்தது. 1875இல் தமது கால்வாய்ப் பங்குகளைச் சுமார் 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானியாவுக்கு விற்றும் அவரால் கரையேற முடியவில்லை. மறு ஆண்டே நாட்டின் வரவு செலவை ஐரோப்பியக் கடன்காரர்கள் மேற்பார்வை செய்யத் தொடங்கினார்கள்.

நைல் கழிமுகத்தின் கமக்காரக் குடும்பத்தில் பிறந்த கேர்ணல் ஒறாபி, 1881 செப்டெம்பரில் படையோடு அப்தீன் அரண்மனை முன்னால் நின்று மக்கள் மன்றம் கேட்டார். எகிப்து எகிப்தியருக்கே என்ற குரல் கிளம்பியது. 1882 ஜூலை 11ஆம் திகதி பிரித்தானியப் போர்க்கப்பல்கள் அலெக்சாந்திரியாவைக் குண்டுகளால் தகர்த்தன. இரும்புக் கவசம் பூண்ட ‘இன்ஃபிளெக்சிபிள்’ என்ற கப்பலில் மட்டும் 16 அங்குல வாயுள்ள நான்கு பீரங்கிகள் இருந்தன. செப்டெம்பர் 13ஆம் திகதி விடியலில், தெல் எல் கெபீர் என்னும் இடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் ஒறாபியின் தோல்வியோடு போர் முடிந்தது. பிரித்தானியாவுக்காகப் போரிட வந்த படைகளில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

இந்தப் படையெடுப்பில் பிரான்ஸ் கடைசி நேரத்தில் ஒதுங்கிக்கொண்டது. பிறகு எகிப்து கைநழுவியதை எண்ணி இருபது ஆண்டுகள் புழுங்கியது. பேர்லினில் இருந்த பிஸ்மார்க் விரும்பியதும் இந்தப் புழுக்கத்தைத்தான். 1871இல் ஒன்றுபட்ட ஜேர்மனிக்கு, லண்டனும் பாரிஸும் நைல் கரையில் முறைத்துக்கொண்டிருப்பது வசதி. 1898இல் சூடானின் ஃபஷோடாவில் இரு நாடுகளும் போரின் விளிம்பு வரை போயின. அதே ஆண்டில் ஜேர்மனி தன் முதற் கடற்படைச் சட்டத்தை நிறைவேற்றியது. உருக்கு உற்பத்தியில் ஜேர்மனி பிரித்தானியாவைத் தாண்டிவிட்ட காலம் அது. 1913 வாக்கில் அந்த வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் மேல். ஜேர்மனியைப் பற்றிய அச்சம் பழைய பகையை ஆற்றியது. 1904 ஏப்ரலில் எகிப்து உனக்கு, மொரோக்கோ எனக்கு என்று லண்டனும் பாரிஸும் பேசி முடித்தன. பத்து ஆண்டுகளில் அவை ஒரே அணியில் நின்று போரிட்ட உறவுக்கு அடித்தளம் இந்தப் பேரம். பேரம் பேசிய மேசையில் எகிப்தியர் ஒருவரும் இல்லை, மொரோக்கோவினர் ஒருவரும் இல்லை. வல்லரசுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை.

மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டு, ஒறாபியும் தோழர் அறுவரும் 1883 ஜனவரியில் கொழும்பில் இறங்கினார்கள். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் கண்டிச் சட்டத்தரணி எம்.சி. சித்தி லெப்பை ‘முஸ்லிம் நேசன்’ வார இதழைத் தமிழில் தொடங்கியிருந்தார். இரு தரப்பும் சந்தித்ததன் பலன் பெரிது. 1885இல் சித்தி லெப்பை எழுதிய ‘அஸன்பேயுடைய கதை’, ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் பலராலும் கொள்ளப்படுவது, எகிப்தில் பிறந்த ஒருவனையே நாயகனாக வைத்தது. வாப்பிச்சி மரைக்காரும் ஒறாபியும் துணைநிற்க 1892 ஓகஸ்டில் மருதானையில் எழுந்த மதரசா, ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது. அந்தப் பெயரைப் பின்னர் கல்முனைக் கல்லூரியும் ஏற்றது. பீரங்கியால் தோற்ற ஒரு தலைமுறை, அச்சுக்கூடத்தையும் பாடசாலையையும் கையில் எடுத்த காலம் அது. இந்த உரையின் நடுப்புள்ளியும் இதுதான்.

1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதரைத் துருக்கித் தொப்பியைக் கழற்றச் சொன்னது உயர் நீதிமன்றம். அவர் வெளியேறினார். அவ்வாண்டின் கடைசி நாளில் மருதானைப் பள்ளிவாசலில் இதை எதிர்த்துப் பெருங்கூட்டம் திரண்டது. அந்தக் கோபத்தின் பின்னால் இன்னொரு வாதமும் இருந்தது. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் கட்டுரை வாசித்தார்; ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதை மறுத்து நூல் எழுதினார். ஐரோப்பாவில் எல்லைக் கோடுகளை மாற்றிய ‘நாம் யார்’ என்ற கேள்வி, ஒரே மொழி பேசும் இரு சமூகங்களுக்கு நடுவிலும் வந்து நின்றது. திருக்கோவிலுக்கும் கல்முனைக்கும் அது பழங்கதை அல்ல. இதைப் பற்றிய கட்டுரைகளை இந்த அவை பொறுமையோடும் பரிவோடும் கேட்க வேண்டும்.

புகையிரதம் 1928இல் மட்டக்களப்பு வரை வந்து நின்றது. கல்முனைக்கு இன்றுவரை வரவில்லை. இந்தக் கரைக்குக் கைத்தொழில் யுகம் தொப்பியாகவும் அச்சுக் காகிதமாகவும் வந்தது. அந்தக் காகிதத்தில் எவ்வளவோ 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில், ஆழிப்பேரலையில் மனிதரோடு சேர்ந்து கடலுக்குப் போயிற்று. எஞ்சியவை மேட்டுப்புற வீடுகளின் பெட்டகங்களில் இருக்கக்கூடும்: முஸ்லிம் நேசனின் ஓர் இதழ், கல்லச்சில் பதித்த ஓர் அறபுத்தமிழ்க் கிதாபு, பள்ளிவாசல் கணக்குப் புத்தகம், கோயில் வண்ணக்கர் வைத்திருந்த ஏடு. வீட்டாரிடமிருந்து பிடுங்காமல், அவர்கள் முற்றத்திலேயே உட்கார்ந்து படமெடுத்து, பிரதியை அவர்களுக்கும் ஒன்று கொடுத்து வரும் வேலையை, இங்கு வந்திருக்கும் மாணவர்கள் ஊருக்கு இருவராக இந்த வாரமே தொடங்கலாம்.