ஓர் இசைக்குழுவின் அன்பர்கள்

தம் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இசைத்தட்டு ஒன்றை மீண்டும் கடைக்குச் சென்று வாங்குவோர் உலகில் மிகச் சிலரே. 2016 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் நடுப்பகுதியில் யப்பான் நாட்டு இசைத்தட்டுக் கடைகளில் அத்தகையோர் ஆயிரக்கணக்கிற் காணப்பட்டனர். அவர்கள் கேட்டு வாங்கியது 2003 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிவந்த ஒரு பாட்டு. ‘உலகில் ஒன்றேயான மலர்’ என அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்திய அத்தட்டு, அவ்வாரங்களில் விற்பனைப் பட்டியலின் முன்வரிசைக்கு மீண்டும் வந்து சேர்ந்தது. வாங்கியோருட் பலர் நடுவயதை எட்டிய பெண்கள். பாட்டைக் கேட்பதற்காக அவர்கள் அதனை வாங்கவில்லை. பாட்டு அவர்களுக்கு மனப்பாடம். அதனைப் பாடிய குழு பிரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே வாங்கினர்.

‘ஸ்மாப்’ என்பது அக்குழுவின் பெயர். விளையாட்டு, இசை, கூடுதல், மக்கள் எனப் பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயர் அது. இத்தகைய குழுவினரை யப்பானியர் ‘ஐதொரு’ என்பர். வழிபடும் உருவத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அவர்கள் நாவில் இவ்வாறு திரிந்தது. 1964 ஆம் ஆண்டில் அங்கு திரையிடப்பட்ட ஒரு பிரெஞ்சுப் படத்தின் வாயிலாக அச்சொல் பரவிற்று என்பர். சொல் எங்கிருந்து வந்ததாயினும், அது குறிக்கும் பொருள் யப்பானுக்கே உரியதாகிவிட்டது. இசைவாணர் ஒருவர் குரலும் பயிற்சியும் முதிர்ந்த பின்னரே மேடையேறுகிறார். ஐதொருவோ முதிராத வயதிலேயே மேடைக்கு வந்துவிடுகிறார். அவர் இடறுவதும் திருந்துவதும் தேறுவதும் யாவும் ரசிகர் கண்முன்னே நிகழ்கின்றன. தேர்ந்தவரைப் போற்றுவது ரசிகத்தன்மை. தேறிக்கொண்டிருப்பவரை விடாது கண்காணித்து வருவது ஏறத்தாழத் தாய்மை. இவ்விரண்டும் கலந்த ஓர் உணர்ச்சியையே அங்குள்ள ரசிகர் தம் குழுவின்மேற் கொள்கின்றனர்.

ஸ்மாப் குழு 1988 ஆம் ஆண்டில் ஆறு சிறுவரைக் கொண்டு அமைக்கப்பட்டது. முதல் இசைத்தட்டு 1991 செப்டெம்பர் 9 ஆம் நாள் வெளிவந்தது. அது விற்பனையில் இரண்டாம் இடத்தையே பெற்றது. முதலிடம் வாய்க்காதது அக்காலத்தில் ஒரு தோல்வியாகவே எண்ணப்பட்டது. அன்றியும், தொலைக்காட்சியில் இசைநிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாய் மறைந்துகொண்டிருந்த காலம் அது. பாடுவதற்கு மேடை குறைந்தபோது இப்பிள்ளைகள் நகைச்சுவைக்குத் துணிந்தனர். வேடமிட்டனர், தம்மைத் தாமே கேலி செய்தனர், அடுப்பங்கரையிற் புகுந்து சமைத்தனர். 1996 ஏப்ரில் மாதத்தில் அவர்களுக்கென்றே ஒரு வாராந்த நிகழ்ச்சி தொடங்கிற்று. திங்கட்கிழமை இரவு பத்து மணிக்கு அது ஒளிபரப்பாகும். விருந்தினர் ஒருவரை வரவழைத்து, அவர் விரும்பிய உணவைத் தாமே ஆக்கிப் படைப்பது அந்நிகழ்ச்சியிற் புகழ்பெற்ற பகுதி. 2006 ஆம் ஆண்டில் மைக்கல் ஜாக்சனும் அங்கு வந்து போனார். நிகழ்ச்சி தொடங்கிய அதே ஆண்டில் மோரி கட்சுயுக்கி என்பவர் குழுவை விட்டு நீங்கி, மோட்டார்ச் சைக்கிள் ஓட்டப்பந்தய வீரராகிவிட்டார். நக்காய், கிமுரா, இனகாக்கி, குசநாகி, கத்தோரி என்னும் ஐவர் எஞ்சினர்.

1991 ஆம் ஆண்டில் பதினைந்து வயதினளாயிருந்த ஒரு பாடசாலை மாணவியை நேயர்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அவள் பள்ளி முடித்து, வேலைக்குச் சென்று, மணமுடித்து, பிள்ளை பெற்று, பெற்றோரை முதுமையிற் பேணி நாற்பது வயதை அடைந்தபோது 2016 ஆம் ஆண்டு பிறந்தது. இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளிலும் அவளோடு கூடவே வளர்ந்து வந்தோர் அவ்வைவரும். 2000 ஆம் ஆண்டில் கிமுரா தக்குயா திருமணம் செய்துகொண்டார். ஐதொரு ஒருவர் மணம் புரிதல் ரசிகரை இழத்தலுக்கு ஒப்பானது எனக் கருதப்பட்ட நாடு அது. அவளோ ஓரிரு நாள் மனம் சோர்ந்திருந்து, பின் திங்கட்கிழமை இரவில் வழக்கம்போலத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பாள்.

இத்தகைய ரசிகையின் வாழ்வில் ஒழுங்குகள் பல உண்டு. ஆண்டுக்கு 4,000 யென் சந்தா செலுத்தி ரசிகர் மன்றத்தில் உறுப்பினராயிருக்க வேண்டியிருந்தது. உறுப்பினராயினும் இசைநிகழ்ச்சிக்கான நுழைவுச்சீட்டு உறுதியன்று. திருவுளச்சீட்டு முறையிலேயே அது கிடைக்கும். கிடைத்தால், தம் மனத்துக்குகந்தவரின் முகம் அச்சிட்ட வட்டவடிவ விசிறி ஒன்றைக் கையிலேந்திச் செல்வர். ஆங்கிலச் சொல்லைப் பிழையாகப் பெயர்த்து ரசிகரை ‘விசிறி’ என்று தமிழில் எழுதுவோரைப் பண்டிதர்கள் நகைப்பதுண்டு. யப்பானில் அப்பிழை உண்மையாகவே ஆகிவிட்டது. ஆனால் அவ்விசிறியை மார்புக்கு மேல் உயர்த்தலாகாது. உயர்த்தினால் பின்னிருப்பவருக்கு மேடை மறையும். அரங்கு நிறைந்த ஆரவாரத்தின் நடுவேயும் பின்வரிசையிலுள்ள முன்பின் அறியாதவளை நினைந்து கையைத் தாழ்த்திக்கொள்ளும் இவ்வழக்கம், ரசிகர் என்றாற் கட்டுக்கடங்காத கும்பல் என எண்ணுவோர் கருதிப் பார்க்கத்தக்கது.

2011 மார்ச் 11 ஆம் நாள் யப்பானின் வடகிழக்குப் பகுதியைப் பூகம்பமும் ஆழிப்பேரலையும் தாக்கின. பத்து நாட்களின் பின், மார்ச் 21 இல், ஸ்மாப் குழுவினர் தம் நிகழ்ச்சியை நேரடியாக ஒளிபரப்பினர். அன்று நகைச்சுவை இல்லை, பேச்சும் பாட்டுமே. அதன் பின்னர், பாதிக்கப்பட்டோருக்கு உதவுமாறு நேயரை வேண்டும் ஒரு சிறு அறிவிப்பு நிகழ்ச்சியின் முடிவில் இடம்பெறலாயிற்று. ஏனைய நிகழ்ச்சிகள் அப்பேரிடரை மறந்த பின்னரும் அவ்வேண்டுகோள் நின்றுவிடவில்லை.

இனி, 2016 இன் நிகழ்ச்சிகள். ஜனவரி 13 ஆம் நாட் காலையில், குழு பிரியப் போகிறது என விளையாட்டுச் செய்தித்தாள்கள் எழுதின. குழுவை வளர்த்தெடுத்த முகாமையாளர் நிறுவனத்தை விட்டு விலக நேர்ந்ததே காரணம் என்றும், நால்வர் அவருடன் செல்ல முற்பட்டனர் என்றும் செய்திகள் கூறின. 18 ஆம் நாள் திங்கட்கிழமை. வழக்கமான நேரத்தில் ஐவரும் கறுத்த உடையணிந்து வரிசையாக நின்றனர். ஒவ்வொருவராகச் சில சொற்கள் பேசினர். தலை தாழ்த்தி மன்னிப்பு வேண்டினர். என்ன குற்றத்துக்காக, யாரிடம் மன்னிப்பு என்பதை எவரும் தெளிவுபடுத்தவில்லை. தோக்கியோப் பகுதியில் நூற்றுக்கு 31 வீதமான வீடுகளில் அது பார்க்கப்பட்டது. அந்நாட்களில் நாட்டின் பிரதமர் பாராளுமன்றத்திலேயே அக்குழுவைப் பற்றிக் கருத்துரைக்க நேர்ந்தது. கண்டவர் பலருக்கு அது ஒற்றுமையின் அறிவிப்பாகத் தோன்றவில்லை. பெரியோர் முன் நிறுத்தப்பட்ட பிள்ளைகளைக் கண்டது போன்ற வருத்தமே எஞ்சிற்று.

இசைத்தட்டு வாங்குதல் இக்கிழமையிலேதான் தொடங்கியது. அதனைப் பித்து என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்களுக்கு வேறு வழி யாது இருந்தது? குழுவின் பெயரும் பாட்டும் நிழற்படமும் நிறுவனத்துக்கு உரியவை. அங்கு ரசிகருக்கு வாக்கு இல்லை; பேசுதற்கு இருக்கையும் இல்லை. கால்நூற்றாண்டாக நிறுவனம் அவர்களுடன் பேசியது ஒரே மொழியில். அது விலையும் விற்பனையும் ஆகிய மொழி. ஆகவே, அந்நிறுவனம் விளங்கிக்கொள்ளக்கூடிய மொழியிலேயே அவர்கள் விடை கூறினர். இதில் இரண்டு முரண்பாடுகள் உள. ஒருவரோடொருவர் போட்டியிட்டு முதலிடம் தேட வேண்டியதில்லை என்னும் கருத்துடைய பாட்டையே அவர்கள் விற்பனைப் பட்டியலில் மேலேற்றப் பாடுபட்டனர். மற்றையது இதனினும் வருத்தத்துக்குரியது. எத்தொழிலிடம் முறையிட்டனரோ அத்தொழிலின் பணப்பெட்டியிலேயே அவர்கள் செலுத்திய பணமும் சென்று விழுந்தது. அவர்கள் இவற்றை அறியாதவரல்லர். அறிந்தே வாங்கினர்.

ஓகஸ்ட் 14 ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், ஆண்டின் இறுதியோடு குழு கலைக்கப்படும் என்னும் அறிவிப்பு வந்தது. பிரியாவிடை நிகழ்ச்சி எதுவும் நடைபெறாது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ரசிகர் வாங்குவதை நிறுத்தவில்லை. டிசெம்பர் மாதத்தில் அப்பாட்டின் மொத்த விற்பனை முப்பது இலட்சத்தைக் கடந்தது. குழு நிலைக்க வேண்டும் எனக் கோரி 3 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளும் திரட்டப்பட்டன. இருபத்தைந்தாம் ஆண்டுத் தொகுப்புக்குரிய ஐம்பது பாட்டுகளைத் தெரிவு செய்யுமாறு ரசிகர் கேட்கப்பட்டபோது, தனித்தட்டாக வெளிவராத ஒரு பாட்டு முதலிடம் பெற்றது. ‘நீங்காதிரு’ என்பது அதன் பெயரின் பொருள். வாக்களிக்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தில் அவர்கள் கூற விரும்பியதைக் கூறிவிட்டனர்.

டிசெம்பர் 26 ஆம் நாள் இறுதி நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. பெரும்பகுதி பழைய காட்சிகளின் தொகுப்பு. முடிவில் ஐவரும் அம்மலர்ப் பாட்டைப் பாடினர். அதுவும் முன்னரே பதிவு செய்யப்பட்டதே. பாடி முடித்ததும் நக்காய் புறந்திரும்பிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். தலை தாழ்த்தினர், திரை விழுந்தது. அவ்வளவே.

நான்கு நாள் கழிந்து, டிசெம்பர் 30 ஆம் நாட் காலையில், ‘அசஹி’ நாளிதழை விரித்தவர்கள் அதன் எட்டுப் பக்கங்களில் ஒரு விளம்பரத்தைக் கண்டனர். எப்பொருளையும் விற்கும் விளம்பரமன்று அது. ஸ்மாப் குழுவுக்கு நன்றி கூறுவது. ரசிகைகள் சிலர் முன்னின்று நிதி திரட்ட, சில நாட்களுக்குள் 13,103 பேர் ஏறத்தாழ 4 கோடி யென் வழங்கியிருந்தனர். இசைத்தட்டு வாங்கிய காலத்தில் அவர்கள் பணம் ஒரு கோரிக்கையாயிருந்தது. இவ்விளம்பரத்திலோ கோருவதற்கு எதுவும் எஞ்சவில்லை. பதிலாகப் பெறுவதற்கும் எதுவுமில்லை. பன்னிரண்டு மாதங்களாகப் பொருள் வாங்குவோராக நடத்தப்பட்டவர்கள், அன்று காலையில் மட்டும் கொடுப்போராயினர்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அழகாயிருக்கும். அவ்வாறு முடியவில்லை. 2017 செப்டெம்பரில் இனகாக்கி, குசநாகி, கத்தோரி மூவரும் நிறுவனத்தை விட்டு நீங்கி, ‘புதிய வரைபடம்’ எனப் பொருள்படும் பெயருடன் தனியே தொழில் தொடங்கினர். அவர்களைத் தொலைக்காட்சிகள் அழையாமலிருக்கப் பழைய நிறுவனம் அழுத்தம் கொடுத்திருப்பின் அது சட்டத்துக்கு மாறாகலாம் என, 2019 ஜூலையில் நாட்டின் வர்த்தக நேர்மை ஆணைக்குழு அந்நிறுவனத்தை எச்சரித்தது. அதே மாதத்தில் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜொனி கித்தகாவா காலமானார். அவர் தம்மிடம் பயில வந்த சிறுவர்களைப் பல ஆண்டுகளாகப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார் என்பதை 2023 செப்டெம்பர் 7 ஆம் நாள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. இது அன்று புதிதாக வெளிப்பட்டதன்று. ஒரு வார இதழ் எழுதிய இக்குற்றச்சாட்டின் முக்கிய பகுதி உண்மை என 2003 ஆம் ஆண்டிலேயே தோக்கியோ உயர் நீதிமன்றம் கண்டிருந்தது. மலர்ப் பாட்டு வெளிவந்த அதே ஆண்டு அது. பெரும்பாலான நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அன்று அதனைப் பெரிதுபடுத்தவில்லை. 2025 ஜனவரியில் நக்காய் மசஹிரோ, ஒரு பெண்ணின் முறைப்பாடு தொடர்பாகக் கலையுலகை விட்டு விலகினார். தொலைக்காட்சி நிறுவனம் நியமித்த வெளியார் குழு, நடந்தது பாலியல் வன்முறையே என மார்ச் மாதத்தில் அறிக்கையிட்டது. அவர் சார்பிலான சட்டத்தரணிகள் அம்முடிவை மறுத்தனர்.

1991 இல் பதினைந்து வயதினளாயிருந்தவளுக்கு இப்போது ஐம்பதை அண்டிய வயது. சிறுவர் தவறி விழுவதையும் எழுவதையும் அருகிருந்து பார்ப்பதாக அவள் எண்ணியிருந்தாள். அவள் கண்டது திரைக்கு முன்புறத்தை மட்டுமே. அதற்காக அவள் அன்பைப் பொய் எனல் தகாது. அறியாமல் அன்பு செலுத்தியது குற்றமுமன்று. எனினும் 2003 இல் வெளிவந்த ஒரு தீர்ப்பு அவள் காதுக்கு எட்டாமற் போனது எவ்வாறு என்னும் வினா அவளுக்கும் உரியது. அவளினும் பன்மடங்காக, அதனைப் பெரிதுபடுத்தாத செய்தித்தாள்களுக்கு உரியது. நன்றி விளம்பரத்துக்கு எட்டுப் பக்கம் கிடைத்த நாட்டில், அச்சிறுவர் பட்ட துன்பத்துக்கு நெடுங்காலம் உரிய இடம் கிடைக்கவில்லை.

பூகம்ப நிவாரணத்துக்கான அவ்வேண்டுகோள் இறுதி நிகழ்ச்சியிலும் இடம்பெற்றது. அதன் பின்னர் வேண்டுவதற்கு நிகழ்ச்சியும் இல்லை, குழுவும் இல்லை. ரசிகரோ பணம் அனுப்புவதை நிறுத்திவிடவில்லை. அஞ்சலகத்திலும் வங்கியிலும் சிறு தொகைகளைச் செலுத்தி, பற்றுச்சீட்டை மடித்துக் கைப்பையினுள் வைத்துக்கொண்டு அவர்கள் வேலைக்குச் சென்றனர்.