சோழியால் கணித்த கிரகணம்

(நெல்லித்தோப்பில் விஞ்ஞானம் பயிலாதவர்களுக்காக நிகழ்த்திய பிரசங்கம்)



வானசாஸ்திரம் கலாசாலை மாணவருக்கே உரியது, நமக்கு எட்டாதது என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். நெல்லித்தோப்பு வாசிகள் அவ்விதம் ஒதுங்குவது பொருந்தாது. இப்புதுச்சேரியிலேயே தமிழர்கள் தரையில் சோழிகளைப் பரப்பிக் கிரகணத்தைக் கணித்தார்கள். ஐரோப்பியர் அருகிலிருந்து கற்றனர்.

லெ ஜாந்தீ என்னும் பிரெஞ்சு வானசாஸ்திரி 1768-ம் வருஷம் இங்கு வந்தார். சூரிய பிம்பத்தின் குறுக்கே சுக்கிரன் கடப்பதை 1769 ஜூன் மாதத்தில் காண்பதே அவர் நோக்கம். 1761-ல் நிகழ்ந்ததைக் கப்பலின் ஆட்டத்தில் அளக்க இயலாது போனவர் அவர். அந்தோ! இம்முறை மேகம் மூடிக்கொண்டது. ஆயினும் அவர் வெறுங்கையுடன் திரும்பவில்லை. இவ்வூர்த் தமிழரிடம் கிரகண கணிதம் கற்றுச் சென்றார். 1765 ஆகஸ்டு 30-ல் நேர்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கு 41 ஸெகண்டு குறைத்துக் காட்டிற்று. ஜெர்மானியராகிய மேயரின் அட்டவணையோ 68 ஸெகண்டு கூட்டிக் காட்டிற்று.

இதன் சூட்சுமம் யாது? இன்றிரவே விளக்கொன்றை ஏற்றி, அதற்கெதிரே ஒரு தேங்காயைப் பிடித்து, அதன் பின்புறமாக ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொண்டு செல்லுங்கள். விளக்கு சூரியன், தேங்காய் பூமி, பழம் சந்திரன். தேங்காயின் நிழல் பழத்தின்மீது விழுவதே சந்திர கிரகணம். பழம் சற்று மேலேயோ கீழேயோ சென்றால் நிழல் படாது. சந்திரனுடைய பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் எல்லாப் பௌர்ணமியிலும் கிரகணம் நேர்வதில்லை.

கணக்கில் கடினமானது சந்திரனின் நடை. அது நாளொன்றுக்குச் சில சமயம் 12 பாகையும், சில சமயம் 15 பாகையும் செல்கிறது. ஊஞ்சல் தாழ வருகையில் வேகம் மிகுவதையும், மேலேறுகையில் குறைவதையும் கண்டிருப்பீர்கள். அதுபோலப் பூமியின் ஆகர்ஷணத்தால் சந்திரன் நம்மை நெருங்குகையில் விரைகிறது, விலகுகையில் தளர்கிறது. இவ்வேற்றத்தாழ்வு சுமார் 27½ நாளில் ஒரு சுற்று முடியும். 9 சுற்றுக்கு ஏறக்குறைய 248 நாள். ஆகவே முன்னோர் 248 வாக்கியங்களை இயற்றி, எழுத்துக்கு ஓர் எண்ணாக, அந்தந்த நாளுக்குரிய சந்திரனின் இடத்தை அவற்றுள் அடக்கினர். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இதனால் வந்ததே.

1825-ல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர், முன்பு சென்னை வானாராய்ச்சிக் கூடத்தில் அலுவல் பார்த்த வாரன் என்பவருக்கு, அவ்வருஷம் மே 31, ஜூன் 1 இரவில் நேர்ந்த கிரகணத்தைச் சோழிகளைக்கொண்டு கணித்துக் காட்டினார். அட்டவணைகள் யாவும் மனப்பாடம்! ஆரம்பம் 4 நிமிஷமும், மத்தியம் 23 நிமிஷமும், முடிவு 52 நிமிஷமும் பிழைத்தன. விதிகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதை அவர் அறியார் என வாரன் குறித்துள்ளார். இதை அவருக்கு இழுக்காக நான் சொல்லவில்லை. அத்தனை எண்களை நினைவில் தாங்கியவரை வணங்கவே தோன்றுகிறது. ஆயினும் காரணம் அறியாதவர் பிழை எங்கு நுழைந்ததென்று தேடுவது எங்ஙனம்? அவரிடம் பாடம் கேட்ட சீடனும் அதே 52 நிமிஷம் தவறியிருப்பான்.

அடுத்த சந்திர கிரகணத்தன்று பிள்ளைகளை வீட்டினுள் அடைத்து வைக்காதீர்கள். சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதில் தீங்கில்லை. சூரிய கிரகணத்தையே அவ்வாறு பார்த்தல் ஆகாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிழல் தொடும் நேரத்தையும் விடும் நேரத்தையும் அவர்களே எழுதட்டும். வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்றையும் திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றையும் அருகில் வைத்து ஒப்பிடட்டும். நிழலின் விளிம்பு எவ்வடிவில் இருக்கிறதென்றும் அவர்களைக் கேளுங்கள்.