குளிருக்கு மது மருந்தாகுமா?



மடுல்கெல்ல போன்ற மலைப் பிரதேசங்களில், "குளிருக்கு ஒரு மிடறு" என்று நம் வாலிபரை மதுவின்பால் அழைப்போர் உளர். அந்தச் சூடு வெறும் ஏமாற்றமே. மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. உள்ளுறுப்புகளைக் காக்க வேண்டிய வெப்பம் இரத்தத்தோடு தோலுக்கு வந்து வெளியேறிவிடுகிறது. முகம் சூடாகிறது, உடலின் உட்பகுதியோ குளிர்கிறது.

பல்லாண்டுகள் மிகுதியாகக் குடிப்போரின் ஈரல் தழும்பேறி இறுகக்கூடும். அப்போது குடலிலிருந்து வரும் இரத்தம் வழியின்றித் தேங்கி, உணவுக்குழாய் நாளங்களைப் புடைக்கச் செய்யும். அவை வெடித்தால் இரத்த வாந்தியும் உயிராபத்தும் நேரும்.

மதுவின் பயனைவிடப் பாவமே பெரிது என்று திருக்குர்ஆன் 2:219 உணர்த்துகிறது. 5:90 அதனை முற்றாக விலக்குகிறது.

பெற்றோர்களே, காரணத்தோடு விளக்குங்கள். வாலிபர்களே, இஞ்சித் தேநீர் போதும். அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக, ஆமீன்.