பச்சை மரமும் பக்குவப்பட்ட பலகையும்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐப்பசிப் புயலில் ஓர் ஊரின் பொது இடத்திலிருந்த முதிய வேம்பு சாய்ந்தது. உரிய அனுமதி பெற்று, அம்மரத்தைக் கொண்டே சமூகக் கூடத்திற்குக் கதவு செய்வதென முடிவாயிற்று. பொங்கலுக்குள் வேலை முடிய வேண்டுமென்று விரட்டியவர்கள் அலுவலர்களாகிய நாங்களே. தை மாதத்தில் இறுகப் பொருந்தியிருந்த கதவு, சித்திரையில் பலகைகளுக்கிடையே காசு நுழையும்படி சுருங்கியது, நிலை முறுக்கிக்கொண்டது, தாழ்ப்பாள் துளையை எட்டவில்லை. ஊரார் ஆசாரியைக் குறை கூறினர். பிழை எங்கள் அவசரத்தினுடையது.

பச்சை மரம் உலரும்போது நீளத்தில் அநேகமாகச் சுருங்குவதில்லை, அகலத்திலேயே சுருங்கும். அதிலும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, வளையங்களின் போக்கில் சுருங்கும். ஆதலின், முனையில் பார்க்குங்கால் வளையங்கள் பலகையின் முகத்திற்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை குறைவாகவே வளையும். மரம் முழுவதையும் அவ்வாறு அறுத்தால் சேதாரம் மிகும். கதவுப் பலகைகளை மட்டும் அங்ஙனம் அறுக்குமாறு அறுவை மில்லில் சொல்லி வையுங்கள். மரத்தின் நட்டநடுப் பகுதி அடங்கிய கட்டை வெடிக்கும். அது நிலைக்கு ஆகாது.

அறுத்த அன்றே பலகைகளின் முனைகளில் மெழுகோ பழைய பெயிண்டோ பூச வேண்டும். முனைகளே முந்தி உலர்ந்து பிளப்பவை. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், காற்றோட்டமுள்ள கொட்டகையில், அடுக்குக்கு அடுக்கு ஓர் அங்குலச் சட்டங்களை இரண்டு அடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே நேராக வைத்து அடுக்குங்கள். வெயிலில் பரப்பிக் காய வைப்பது விறகிற்கே தகும். எத்தனை மாதம் என்று கேட்பீர்கள். அது மரத்தின் இனத்தையும் பலகையின் கனத்தையும் பொறுத்தது. அடுக்கிலுள்ள ஒரு பலகைக்கு அடையாளமிட்டு, 15 நாட்களுக்கு ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நிற்கும்வரை ஆசாரியை அழைக்க வேண்டாம்.

கடையில் மரம் வாங்குவோர் முகத்தைப் பார்த்து மயங்காமல் முனையைப் பார்க்க வேண்டும். நடுவில் நிறம் அடர்ந்திருப்பது வைரம். பட்டையை ஒட்டி வெளிறியிருப்பது வெள்ளை. வெள்ளையில் மாவுச்சத்து உண்டாதலின் உளுக்கச் செய்யும் வண்டு அதையே நாடும். பூவரசிலும் பலாவிலும் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். மாமரத்தில் அத்துணைத் தெளிவில்லை. மாம்பலகை பெட்டிக்கு உதவும், வாசல் நிலைக்கு உதவாது. துளையிலிருந்து புது மாவு உதிருமாயின் வண்டு உள்ளே இருக்கிறதென்று கொள்ளலாம். சுற்றிலும் இறுகிய கணு பெருங்குறையன்று. கறுத்து ஆடும் கணு கழன்றுவிடும். சாயம் பூசிய மரமாயின், ஓரத்தில் சிறிது இழைத்துக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள்.

மரத்தை விற்போருக்கும் ஒரு சொல். கண்மதிப்பாக விலை பேச வேண்டாம். உருட்டு மரத்தின் நடுப்பகுதியைக் கயிற்றால் சுற்றி, அக்கயிற்றை நான்காக மடித்து அளந்து, அவ்வளவை அதே அளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது வழக்கிலுள்ள கணக்கு. சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி எனில் 10 கன அடி வரும். அம்மரத்தில் உண்மையாக இருப்பதோ ஏறத்தாழ 12¾ கன அடி! இந்த வித்தியாசம் அறுவைச் சேதாரத்திற்கென முன்னரே விட்டுக்கொடுத்தது. சேதாரமென்று மறுபடியும் கழிவு கேட்கும் வியாபாரியிடம் இக்கணக்கைக் காட்டுங்கள்.